ஆட்டுத் திருடர்களுக்குச் செருப்பு மாலை போடலாமா?

கேள்வி: வக்கீலம்மாவுக்கு வணக்கம். சேரன்மகாதேவி பக்கம் ஒரு கிராமத்தில் விவசாயம் பார்க்கிறேன். ஊர்க் கமிட்டியில் கணக்கு என் பொறுப்பு. தை மாதத்திலிருந்து எங்கள் ஊரில் பதினோரு ஆடு களவு போயிருக்கிறது. அதில் மூன்று என்னுடையது. ஸ்டேஷனில் மனு கொடுத்தோம். மனுவை வாங்கிக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் தந்தார்கள். போன வாரம் ராத்திரி பைக்கில் ஆட்டை நடுவில் வைத்துக்கொண்டு போன மூன்று பையன்களை எங்கள் ஊர் இளைஞர்கள் மடக்கிப் பிடித்து, கோயில் மண்டபத் தூணில் விடியவிடியக் கட்டிப்போட்டார்கள். கொஞ்சம் அடியும் விழுந்தது. ஒருவன் அதை வீடியோ எடுத்திருக்கிறான். காலையில் பெற்றவர்கள் வந்து காலில் விழுந்ததால் அனுப்பிவிட்டோம். அடுத்த மாதம் அம்மன் கோயில் கொடைத் திருவிழா. அன்றைக்கு மூன்று பேரையும் வரவழைத்து, மொட்டை அடித்து, செருப்பு மாலை போட்டு, மேளத்தோடு தெருச் சுற்றிக் கொண்டுவரவேண்டும் என்று கமிட்டியில் பேச்சு. எனக்கும் அது சரி என்றுதான் படுகிறது. சவுதியில் கையை வெட்டுகிறார்கள், அங்கே களவே கிடையாது என்று அங்கே வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் சொல்கிறார்கள். நாலு பேர் முன்னால் ஒருத்தனை அவமானப்படுத்தினால் நாற்பது பேர் பயப்படுவார்கள் இல்லையா? ஆனால் அந்த மூன்று பேரில் ஒருவனுக்குப் பதினாறு வயதுதான் ஆகிறது. அது மட்டும் மனசை அறுக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்:

அண்ணாச்சிக்கு வணக்கம். கொடைக்கு முன்னால் உங்கள் கைக்குக் கிடைக்கவேண்டும் என்பதால் கடிதம் வந்த அன்றே தனியாகவும் ஒரு பதில் போட்டுவிட்டேன். இங்கே எழுதுவது இதே யோசனையில் இருக்கும் மற்ற ஊர்க்காரர்களுக்கும் சேர்த்து.

பதினோரு ஆடு சின்ன விஷயம் இல்லை. ஒரு கிடாய் பத்தாயிரத்துக்கு மேல் போகிற காலம் இது. பிள்ளையின் காலேஜ் ஃபீஸ், ஆஸ்பத்திரிச் செலவு, கொடைக்கு வரி என்று எதற்கும் அவசரத்துக்கு அவிழ்த்துக்கொண்டு போய் விற்கிற சேமிப்பு அதுதான். அது ஒரு ராத்திரியில் போனால் வயிறு எரியத்தான் செய்யும். ஆட்டுத் திருட்டு எங்கே கொண்டுபோய் விடும் என்பதும் தெரிந்ததே. 2021 நவம்பரில் திருச்சிப் பக்கம் ஆட்டுத் திருடர்களை விரட்டிக்கொண்டு போன சிறப்பு உதவி ஆய்வாளர் ஒருவரைக் கீரனூர் அருகே வெட்டிக் கொன்றார்கள். பிடிபட்டவர்களில் இரண்டு பேர் சிறுவர்கள். ஆகவே உங்கள் கோபம் நியாயமானது. ரசீதைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்த ஸ்டேஷன் மீது உங்களுக்கு இருக்கும் கோபம் அதைவிட நியாயமானது.

ஆனாலும் கொடையன்று நீங்கள் நினைத்திருப்பதைச் செய்யவே கூடாது. கமிட்டியில் நீங்கள் எழுந்து நின்று வேண்டாம் என்று சொல்லவேண்டும்.

சட்டத்தை முதலில் முடித்துவிடுகிறேன். கண்ணெதிரே திருட்டு நடந்தால் யார் வேண்டுமானாலும் ஆளைப் பிடிக்கலாம். 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40ஆவது பிரிவு அதற்கு இடம் தருகிறது. அதே பிரிவு, பிடித்தவனை ஆறு மணி நேரத்துக்குள் போலீசில் ஒப்படைக்கவேண்டும் என்றும் சொல்கிறது. விடியவிடியத் தூணில் கட்டிவைத்தது குற்றம். அடித்தது இன்னொரு குற்றம். பதினாறு வயதுப் பையனின் முகம் தெரிகிற வீடியோவைப் பரப்பினால் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டு லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ வரும். ஊர் கூடித் தண்டனை விதிப்பது கட்டப்பஞ்சாயத்து. அது சட்டத்துக்குப் புறம்பானது என்று 2011இல் நம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே உச்ச நீதிமன்றம் கடுமையாகச் சொல்லிவிட்டது.

இந்த இடத்தில் நீங்கள் கடிதத்தில் எழுதாத ஒன்றைக் கேட்கவேண்டியிருக்கிறது. அந்தப் பையன்கள் எந்தத் தெரு?

உங்கள் சொந்தத் தெருப் பையன் ஒருவன் ஆடு திருடிப் பிடிபட்டிருந்தால் கமிட்டி செருப்பு மாலையைப் பற்றிப் பேசியிருக்குமா? சித்தப்பாவைக் கூப்பிட்டு, ஆட்டுக்குப் பணத்தை வாங்கிக்கொடுத்து, பையனைத் திருப்பூருக்கோ சென்னைக்கோ வேலைக்கு அனுப்பி வைத்திருப்பார்கள். நம் பக்கத்து ஊர்கள் எனக்குத் தெரியும். செருப்பு மாலை எப்போதும் அடுத்த தெருக்காரன் கழுத்தைத்தான் தேடிப் போகும். சட்டத்துக்கும் அது தெரியும். பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவருக்கு வேறு சமுதாயத்தார் செருப்பு மாலை போடுவதையும், வலுக்கட்டாயமாக மொட்டை அடிப்பதையும், மீசையை எடுப்பதையும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் ஒவ்வொன்றாகச் சொல்லிக் குற்றமாக்கியிருக்கிறது. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வருஷம் வரை சிறை. முன்ஜாமீனுக்கு அநேகமாக வழியே இல்லை. ஆட்டைப் பறிகொடுத்த நீங்கள் குற்றவாளிக் கூண்டிலும், ஆட்டைத் திருடினவன் சாட்சிக் கூண்டிலும் நிற்கவேண்டி வரும்.

சரி, சட்டம் கிடக்கட்டும். பயப்படுவார்களா மாட்டார்களா என்பதுதானே உங்கள் கேள்வி.

கயத்தாறு உங்களுக்குத் தெரியாத ஊரில்லை. மதுரைக்குப் போகிற வழியில் கட்டபொம்மன் சிலையைப் பார்த்திருப்பீர்கள். 1799 அக்டோபர் 16ஆம் தேதி கிழக்கிந்தியக் கம்பெனியின் மேஜர் பானர்மேன் சுற்றுவட்டாரப் பாளையக்காரர்களை எல்லாம் அங்கே வரவழைத்தான். அவர்கள் கண் முன்னாலேயே விசாரணை என்ற பெயரில் ஒன்றை நடத்தி, கட்டபொம்மனைப் புளியமரத்தில் தூக்கில் போட்டான். அதற்கு முன்பே அவருடைய அமைச்சர் தானாபதிப் பிள்ளையை நாகலாபுரத்தில் தூக்கிலிட்டு, தலையைக் கொண்டுவந்து பாஞ்சாலங்குறிச்சியில் கம்பத்தில் குத்தி வைத்தார்கள். ஊர் பார்க்கவேண்டும், பார்த்து நடுங்கவேண்டும் என்பதற்காகத்தான் அத்தனையும். கட்டபொம்மன் நமக்குக் குற்றவாளி இல்லை. கம்பெனிக்காரன் கண்ணில்தான் குற்றவாளி. அவரையும் ஆட்டுத் திருடனையும் நான் ஒரு தட்டில் வைக்கவில்லை. கம்பெனி நினைத்த மாதிரி ஜனங்கள் பயந்தார்களா என்பதை மட்டும் பாருங்கள்.

1801 பிப்ரவரி 2ஆம் தேதி கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையும் கூட இருந்தவர்களும் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார்கள். கம்பெனி இடித்துத் தரைமட்டமாக்கியிருந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை ஜனங்கள் சில நாட்களிலேயே திரும்பக் கட்டிவிட்டார்கள். மார்ச் கடைசியில் அதைத் தாக்கப் போன கம்பெனிப் படை பலத்த சேதத்தோடு பின்வாங்கியது. மே மாதக் கடைசியில்தான் கோட்டை விழுந்தது. அப்புறமும் சண்டை ஓயாமல் சிவகங்கைச் சீமைக்குப் பரவியது. தூக்கு நடந்து பதினாறு மாதத்துக்குள், முன்னதைவிடப் பெரிய கலகம். தூக்கைப் பார்த்தவர்கள் கம்பெனி நினைத்த பாடத்தைப் படிக்கவில்லை. பார்க்கிறவன் என்ன படித்துக்கொள்வான் என்பது தண்டிக்கிறவன் கையில் இல்லை, அண்ணாச்சி.

உங்கள் கொடையில் யார் யார் பார்ப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். சின்னப் பிள்ளைகள் பார்க்கும். திருடக்கூடாது என்பதை அவர்கள் படித்துக்கொள்வார்களா, ஆள் பலம் இருந்தால் தனியாகச் சிக்கியவனை என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்பதைப் படித்துக்கொள்வார்களா? மேளத்தோடு போகும்போது இளவட்டங்கள் விசிலடிப்பார்கள், செல்போனைத் தூக்கிப் பிடிப்பார்கள். அன்று ராத்திரியே அது அந்தப் பையன்களின் ஊருக்குப் போய்ச் சேரும். அங்கேயும் இளவட்டங்கள் இருக்கிறார்கள். 'ஆடு திருடினது தப்பு' என்று அதுவரை தலைகுனிந்திருந்த ஊர், அதைப் பார்த்தபிறகு ஆட்டை மறந்துவிடும். செருப்பு மாலையை மறக்காது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனை வீடு புகுந்து வெட்டியவர்கள் அவனோடு படித்த பையன்கள். 2024 டிசம்பரில் பாளையங்கோட்டையில் மாவட்ட நீதிமன்ற வாசலிலேயே பட்டப்பகலில் ஒரு இளைஞரை வெட்டிக் கொன்றார்கள். கொலைக்குத் தூக்கு வரை தண்டனை உண்டு என்பது வெட்டினவர்களுக்குத் தெரியாதா? உள்ளே ஜட்ஜ் இருக்கிறார், வெளியே போலீஸ் நிற்கிறது என்பது தெரியாதா? பழிக்குப் பழி வாங்குகிறவன் நாலு பேர் பார்க்கவேண்டும் என்றுதான் செய்கிறான். நம் மாவட்டத்தில் அவமானம் என்பது எப்படி எரியும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அந்த நெருப்பைக் கோயில் வாசலிலேயே மூட்டப் போகிறீர்களே என்றுதான் எனக்குப் பதறுகிறது.

தண்டனை பெற்றவன் என்ன ஆகிறான் என்பதையும் பாருங்கள். என்னிடம் வழக்குக்கு வந்த ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். ஊர், பெயர் வேண்டாம். சைக்கிள் திருடினான். உண்மையாகவே திருடினான், பொய்ப் புகார் இல்லை. ஊர்க்காரர்கள் பிடித்து, தலையில் ஒரு பாதியை மட்டும் மழித்து, கழுத்தில் சைக்கிள் டியூபைப் போட்டுத் தெருத்தெருவாகக் கூட்டிப் போனார்கள். முடி இரண்டு மாதத்தில் வளர்ந்துவிட்டது. பெயர் வளர்ந்துகொண்டே போனது. 'அரைமொட்டை' என்று கூப்பிட்டார்கள். செங்கல் சூளையில் வேலைக்குப் போனான். அங்கேயும் அந்தப் பெயர் போனது. நிறுத்திவிட்டார்கள். அந்தப் பெயரைக் கேலியாகச் சொல்லாமல் மரியாதையாகச் சொன்னவர்கள் ஒரே ஒரு கூட்டம்தான், அது எப்படிப்பட்ட கூட்டம் என்று உங்களுக்கே புரியும். நான் அவனை முதலில் பார்த்தது வழிப்பறி வழக்கில். எஃப்.ஐ.ஆர். நகலை வாங்கிப் பார்த்தேன். குற்றம் சாட்டப்பட்ட அவன் பெயருக்குப் பக்கத்தில் 'என்ற அரைமொட்டை' என்று டைப் அடித்திருந்தது. ஊர் விளையாட்டாக வைத்த பெயர் அரசாங்கப் பதிவேட்டில் ஏறிவிட்டது. அதற்கப்புறம் எங்கே களவு போனாலும் முதலில் அவனைத்தான் தூக்கிக்கொண்டு போவார்கள். விசாரணைக்குக் காத்திருக்கும்போது அவன் அம்மா என்னிடம் கேட்டார்கள்: 'ஜெயிலுக்குப் போனா திரும்பி வந்திருவான்மா. இது எப்பம்மா முடியும்?' எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஜெயில் தண்டனைக்கு ஒரு தேதி உண்டு, விடுதலை உண்டு. ஊர் கொடுக்கிற அவமானத்துக்கு விடுதலைத் தேதி கிடையாது. கரும்புள்ளி செம்புள்ளி குத்திக் கழுதை மேல் ஏற்றின காலத்தில் அந்த ஆள் ஊரை விட்டு ஓடி வேறு சீமையில் பிழைத்துக்கொள்ளலாம். இப்போது வீடியோ அவனுக்கு முன்னால் அங்கே போய் நிற்கும்.

ஆள் மாறிப் போனால் என்ன ஆகும் என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வம் கும்பிடப் போன வயதான அம்மா ஒருவர் வழியில் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர் என்று ஊர் கூடி அவரை அடித்தே கொன்றது. அதே வருஷம் பிப்ரவரியில் கோவையை ஒட்டிய அட்டப்பாடியில், அரிசி திருடினார் என்று ஒரு பழங்குடி இளைஞரைப் பிடித்துக் கையைக் கட்டி, கூட நின்று செல்ஃபி எடுத்து, அடித்து, சாகவிட்டார்கள். 2023 ஏப்ரலில் அந்த வழக்கில் பதிமூன்று பேருக்கு ஏழு வருஷம் கடுங்காவல் விழுந்தது. அவர்களும் யாரையும் கொல்லவேண்டும் என்று நினைத்துக் கிளம்பியவர்களாக இருக்கமாட்டார்கள். 'நாலு சாத்து சாத்தினால் திருந்துவான்' என்றுதான் எல்லா இடத்திலும் ஆரம்பிக்கிறது. உங்கள் மண்டபத்தில் அன்று ராத்திரி ஒரு அடி படக்கூடாத இடத்தில் பட்டிருந்தால் இந்தக் கடிதத்தை நீங்கள் எனக்கு வேறு மாதிரி எழுதியிருப்பீர்கள்.

இனி சவுதிக்கு வருகிறேன். அங்கே இருந்துவிட்டு வந்தவர்களிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். இங்கே உள்ளூரில் இருந்தபோது அவர்கள் திருடிக்கொண்டா இருந்தார்கள்? கடன் வாங்கிப் போன மனுஷன், மாதாமாதம் வீட்டுக்குப் பணம் அனுப்புகிற மனுஷன், கையை வெட்டாத நாட்டிலும் திருடமாட்டான். அங்கே அவர் விரல் ரேகை அரசாங்கத்திடம் இருக்கிறது. இகாமா என்கிற குடியிருப்பு அட்டை இல்லாமல் ஒரு தெரு தாண்டமுடியாது. தப்பு செய்தால் பிடிபடுவது நிச்சயம், வேலை போவது நிச்சயம், ஊருக்கு ஏற்றிவிடுவதும் நிச்சயம். கத்தியைவிட அந்த நிச்சயம்தான் கையைக் கட்டுகிறது என்பது என் எண்ணம்.

இது என் எண்ணம் மட்டும் இல்லை. தண்டனை எவ்வளவு கொடூரம் என்பதைவிட எவ்வளவு நிச்சயம், எவ்வளவு சீக்கிரம் என்பதுதான் குற்றத்தைத் தடுக்கிறது என்று பெக்காரியா என்ற இத்தாலியர் 1764இலேயே எழுதினார். அப்புறம் வந்த குற்றவியல் ஆராய்ச்சியில் பெரும்பகுதி அதைத்தான் உறுதிப்படுத்துகிறது. சிங்கப்பூரையும் ஹாங்காங்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் துறைமுக நகரங்கள், இரண்டிலும் வியாபாரம், நெரிசல், காசு. ஹாங்காங்கில் 1966க்குப் பிறகு யாரையும் தூக்கில் போடவில்லை. சிங்கப்பூரில் தொண்ணூறுகளில் நிறையப் பேரைப் போட்டார்கள். முப்பத்தைந்து வருஷக் கணக்கை ஒப்பிட்டு 2010இல் வந்த ஒரு ஆய்வு, இரண்டு ஊரிலும் கொலை விகிதம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் ஏறி இறங்கியிருக்கிறது என்று காட்டியது.

கோர்ட்டில் நான் பார்ப்பதும் அதுதான். என்னிடம் வருகிற கட்சிக்காரர்களில், திருடப் போகும்போது எத்தனை வருஷம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டவரை நான் பார்த்ததே இல்லை. 'மாட்டமாட்டோம்னு நெனச்சேன்கா' என்பதுதான் எல்லோருடைய பதிலும். மாட்டமாட்டோம் என்று நினைக்கிறவனுக்கு மூன்று வருஷமும் ஒன்றுதான், மொட்டையும் ஒன்றுதான், தூக்கும் ஒன்றுதான். உங்கள் ஊரில் பத்து ஆடு போகும்வரை யாரும் மாட்டவில்லை. பதினோராவது ஆடு போனதற்குக் காரணம் தண்டனை போதாமை இல்லை. முதல் ஆடு போனபோது யாரும் தேடாததுதான்.

நம் முன்னோர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. தெற்குச் சீமையில் காவல் என்று ஒரு ஏற்பாடு இருந்ததைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ஒரு வட்டாரத்துக்குத் தேசகாவல், ஒரு ஊருக்குத் தலக்காவல் என்று பிரித்திருந்தார்கள். காவல்காரருக்கு ஊர் கூலி கொடுக்கும். மாடோ ஆடோ களவு போனால் அவர் துப்புத் துலக்கி மீட்டுத் தரவேண்டும். முடியாவிட்டால் கைப்பணத்திலிருந்து ஈடு கட்டவேண்டும். அதில் அநியாயங்களும் நடந்தன. காவல்காரரே திருடிவிட்டுத் துப்புக்கூலி கேட்ட கதைகள் நிறைய உண்டு. ஆனால் அந்த ஏற்பாட்டின் அடிப்படை என்ன? பொருள் திரும்பி வரவேண்டும், ஒருவர் அதற்குப் பொறுப்பேற்கவேண்டும். இன்று உங்களுக்குக் கிடைக்காமல் இருப்பது இந்த இரண்டும்தான். கொடையன்று ஊர்வலம் விட்டால் பதினோரு ஆட்டில் ஒன்றாவது திரும்பி வருமா?

பகிரங்க தண்டனையை நம் சட்டம் யோசிக்காமல் விட்டுவிடவில்லை. சவுக்கடித் தண்டனை வெள்ளைக்காரன் சட்டத்தில் இருந்தது. 1955இல் பாராளுமன்றம் அதை ஒழித்தது. மருமகளை எரித்துக் கொன்ற வழக்கில் குற்றவாளியை ஊர் பார்க்கத் தூக்கில் போடச் சொல்லி ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது, 1985இல் உச்ச நீதிமன்றம் தடுத்தது. காட்டுமிராண்டித்தனமான குற்றம் என்பதற்காக அரசாங்கமும் காட்டுமிராண்டித்தனமாகத் தண்டிக்கக்கூடாது என்றது. அந்தக் கொலையைவிடவா ஆட்டுத் திருட்டு பெரிது?

போலீஸ் கையால் நடந்தால் மட்டும் இது வேறாகிவிடாது. 'பாத்ரூமில் வழுக்கி விழுந்து மாவுக்கட்டு' என்று செய்தி வந்தால் ஊரே சிரித்துக் கைதட்டுகிறது. கைதட்டல் கேட்கக் கேட்கக் கை நீளும். 2023இல் அம்பாசமுத்திரத்தில் விசாரணைக்குக் கூட்டிப் போனவர்களின் பற்களைப் பிடுங்கினார்கள் என்று புகார் எழுந்ததே, உங்களுக்குப் பக்கத்து ஊர்தானே அது. 2020இல் சாத்தான்குளத்தில் செல்போன் கடை நடத்திய தகப்பனும் மகனும் போலீஸ் ஸ்டேஷனில் அடிபட்டுச் செத்தார்கள். அவர்கள் எந்த ஆட்டையும் திருடவில்லை. இந்தக் கை இன்றைக்கு அடுத்த தெருவில் இருக்கிறது, நாளைக்கு உங்கள் வீட்டுக்கு வராது என்று யாரும் உத்தரவாதம் தரமுடியாது.

இனி செய்யவேண்டியது.

ரசீதோடு நின்றுவிடாதீர்கள். ஆடு திருட்டு, போலீஸ் நேரடியாக எஃப்.ஐ.ஆர். போடவேண்டிய குற்றம். மறுபடி எழுத்தில் கேளுங்கள். போடவில்லை என்றால் மாவட்ட எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். புதன்கிழமை நேரிலும் மனு வாங்குவார்கள். அதற்கும் பலன் இல்லை என்றால் உங்கள் எல்லைக்குரிய குற்றவியல் நடுவரிடம் போகலாம். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் 15100க்குப் போன் செய்தால் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக உதவும். மனுவில் அடித்ததையும் கட்டிவைத்ததையும் மறைக்காதீர்கள். நாளைக்கு அவர்கள் வக்கீல் அதைச் சொன்னால் உங்கள் மனு முழுவதுமே பொய்யாகத் தெரியும்.

ஆட்டைத் திருடினவன் வீட்டில் வைத்தா வளர்க்கப் போகிறான்? விற்றாகவேண்டும். செவ்வாய்க்கிழமை மேலப்பாளையம் சந்தை, சனிக்கிழமை எட்டயபுரம் சந்தை, இல்லாவிட்டால் விடியற்காலையில் ஏதாவது கறிக்கடை. களவுப் பொருள் என்று தெரிந்து வாங்குகிறவனும் குற்றவாளிதான். ஆனால் அவனை யாரும் தேடுவதில்லை. எஃப்.ஐ.ஆர். போட்டால் போலீஸ் முதலில் பிடிக்கவேண்டியது அவனைத்தான் என்று வலியுறுத்துங்கள். ஒரு வியாபாரி பிடிபட்டால் சுற்றுவட்டாரத்தில் பத்துப் பையன்களுக்குத் தொழில் நின்றுபோகும். ஊரில் எல்லா ஆட்டுக்கும் காதில் ஒரே மாதிரி அடையாளம் போடுங்கள், போட்டோ எடுத்து வையுங்கள். கமிட்டிப் பணத்தில் வில்லுப்பாட்டுக்கும் வாணவேடிக்கைக்கும் செலவழிப்பதில் கொஞ்சம் ஒதுக்கி, ஊருக்குள் வரும் ரோட்டில் ஒரு கேமரா வைத்தால் என்ன? கொடை முடிந்தபிறகும் அது முழித்துக்கொண்டிருக்கும்.

பையன்களைப் பொறுத்தவரை, பதினாறு வயதுப் பையன் ஜெயிலுக்குப் போகமாட்டான். இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போவான். அவன் பள்ளிக்கூடம் போகிறானா, யார் அவனை இதில் இழுத்தது என்று அங்கே விசாரிப்பார்கள். மற்ற இரண்டு பேரும் இருபத்தொன்றுக்குக் கீழ் என்றால், சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தைப் பிணையில் விடுவதைத்தான் 1958ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் யோசிக்கச் சொல்கிறது. கூடவே நஷ்டஈடு கட்டச் சொல்லவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. ஆட்டின் சொந்தக்காரர் சம்மதித்தால் திருட்டு வழக்கைச் சமாதானமாக முடித்துக்கொள்ளவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. அந்தத் தகப்பன்மார் தவணை முறையில் பணம் கட்டத் தயாராக இருந்தால், கமிட்டி வாங்கி நோட்டில் எழுதிக்கொள்ளவேண்டாம். அப்படிச் செய்தால் அதுவே கட்டப்பஞ்சாயத்து ஆகிவிடும். மக்கள் நீதிமன்றத்தில் வைத்து எழுதி வாங்குங்கள். கோர்ட் தீர்ப்புக்கு உள்ள மதிப்பு அதற்கு உண்டு. பணம் வராவிட்டால் திரும்பப் போய்க் கேட்கலாம்.

பதினாறு வயது மனசை அறுக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். கமிட்டியில் அதையே சொல்லுங்கள். சட்டப் பிரிவு எண்களைச் சொன்னால் 'வக்கீல் பேச்சு' என்று தள்ளிவிடுவார்கள். மூன்று ஆடு பறிகொடுத்தவர் நீங்கள். நீங்களே வேண்டாம் என்று சொன்னால், ஒரு ஆடும் பறிகொடுக்காமல் மேளத்துக்கு ஆசைப்படுகிறவர்கள் கொஞ்சமாவது யோசிப்பார்கள். முக்கியமாக, கொடையன்று அந்தப் பையன்களை ஊருக்குள் வரச்சொல்லி யாரும் ஆள் அனுப்பக்கூடாது. அதை மட்டும் எப்படியாவது உறுதி செய்துகொள்ளுங்கள்.

சி.எஸ்.ஆர். ரசீதின் நகலையும், எந்த ஆடு யாருடையது, எந்தத் தேதியில் போனது, என்ன அடையாளம் என்று எழுதின ஒரு தாளையும் எடுத்துக்கொண்டு பாளையங்கோட்டைக்கு வாருங்கள். மனுவை நானே எழுதித் தருகிறேன், ஃபீஸ் வேண்டாம். வீடியோ எடுத்த பையனையும் கூட்டி வாருங்கள். அதை அவன் யாருக்கும் அனுப்பக்கூடாது. பயந்துபோய் அழிக்கவும் கூடாது, சாட்சியத்தை அழிப்பது தனிக் குற்றம். மற்றதை அவனிடம் நேரில் பேசிக்கொள்கிறேன்.